பதினான்கு அடியும் ஆயிரம் வினாவும்

தமிழ் இலக்கிய வரலாற்றுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு விடை நம் கையைத் தடுத்து நிறுத்தியது. 'சீறாப்புராணம் எக்காலத்து நூல்?' என்பது ஒரு மதிப்பெண் வினா. மாணவர் ஒருவர் 'இஸ்லாமியர் காலம்' என்று விடை எழுதியிருந்தார். அப்படியொரு காலம் தமிழ் இலக்கிய வரலாற்றில் இல்லை. ஆகவே மதிப்பெண் வழங்காது அடுத்த விடைக்குச் சென்றோம்.

தாள்களைத் திருப்பித் தந்த அன்று அம்மாணவர் தயக்கத்துடன் நம்மிடம் வந்தார். "ஐயா, சங்க காலம், பல்லவர் காலம், சோழர் காலம், நாயக்கர் காலம் என்று குறிப்பு எழுத வைத்தீர்கள். நாயக்கர் காலத்தில் சீறாப்புராணத்தின் பெயர் இல்லை. கடைசியில் 'இஸ்லாமியத் தமிழ் இலக்கியம்' என்று தனித் தலைப்பு இருந்தது. அதன் கீழேதான் உமறுப் புலவர் வருகிறார். அதனால் அதுவும் ஒரு காலம் என்று நினைத்துவிட்டேன்" என்றார்.

நம்மிடம் மறுமொழி இல்லை. பிழை மாணவருடையதன்று, நாம் எழுத வைத்த குறிப்பினுடையது. பல ஆண்டுகளாக அதே குறிப்பைத்தான் நாம் சொல்லிவந்திருக்கிறோம். அந்த ஒரு மதிப்பெண்ணைப் பின்னர் வழங்கிவிட்டோம். ஆயினும் அந்த வினா நம்மை விட்டு அகலவில்லை. அதன் விளைவே இக்கட்டுரை.

வகை, வடிவம், காலம்

இலக்கியம் பயில்வோர் முதலில் தெளிய வேண்டிய சொற்கள் மூன்று. அவை வகை, வடிவம், காலம் என்பன.

ஒரு நூல் எதனைச் சொல்கிறது, எந்நோக்கில் சொல்கிறது என்பதைக் கொண்டு அமைவது வகை. காப்பியம், நாடகம், இரங்கற்பா, பிள்ளைத்தமிழ், பரணி, நாவல் ஆகியன வகைகள். எந்த யாப்பில், எத்தனை அடியில், எவ்வகைத் தொடையில் அமைகிறது என்பது வடிவம். வெண்பா, ஆசிரியப்பா, விருத்தம், கண்ணி ஆகியன வடிவங்கள். எவ்வாண்டுகளில், எவ்வகைச் சமுதாயச் சூழலில் பிறந்தது என்பது காலம்.

இம்மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பினால் விடை தவறும். 'இஸ்லாமிய இலக்கியம்' என்பது வகையுமன்று, வடிவமுமன்று, காலமுமன்று. அது பாடுபொருளையும் பாடிய சமுதாயத்தையும் குறிக்கும் பெயர். அப்பெயரின் கீழ்க் காப்பியம் உண்டு, பிள்ளைத்தமிழ் உண்டு, அந்தாதி உண்டு, நாவலும் உண்டு. ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் அதனுள் அடங்கும். ஐந்து நூற்றாண்டுகளை ஒரு தலைப்பில் அடைத்துவிட்டு, அது எக்காலத்தது என்று மாணவரை வினவுவது முறையாகாது.

ஆங்கிலேயர் வகுத்த காலங்கள்

இலக்கியத்தைக் காலங்களாகப் பகுத்துக் கற்பிக்கும் முறை நம் பாடத்திட்டத்தில் வேரூன்றியதற்கு ஆங்கில இலக்கியக் கல்வி ஒரு முக்கியக் காரணம். ஆகவே அவர்தம் பகுப்பைச் சற்றே நோக்குதல் பயன் தரும்.

1066ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தை வென்றதற்கு முற்பட்டது பழைய ஆங்கிலக் காலம். பின்னர் சாசர் வாழ்ந்த இடைக்கால ஆங்கிலக் காலம். 1558 முதல் 1603 வரை முதலாம் எலிசபெத் அரசியின் காலம். 1660இல் மன்னராட்சி மீண்டதையொட்டி மீட்சிக் காலம். 1798இல் வேர்ட்ஸ்வொர்த்தும் கோலரிட்ஜும் இணைந்து வெளியிட்ட பாடல் தொகுதியைத் தொடக்கமாகக் கொண்டு கற்பனை நவிற்சிக் காலம். 1837 முதல் 1901 வரை விக்டோரியா அரசியின் காலம்.

இப்பெயர்களை மாணவர் கூர்ந்து நோக்க வேண்டும். ஒன்று அரசியின் பெயர். ஒன்று அரசியல் நிகழ்ச்சி. ஒன்று கவிஞரின் மனப்பாங்கு. ஒரே அளவுகோல் இங்கு இல்லை. மில்டனின் துறக்க நீக்கக் காப்பியம் 1667இல், மீட்சிக் காலத்தில் வெளிவந்தது. ஆயினும் அதன் உள்ளம் அதற்கு முந்தைய தூய்மைவாதிகளின் உள்ளம். வேர்ட்ஸ்வொர்த் 1850 வரை உயிர் வாழ்ந்தார். விக்டோரியா அரியணை ஏறிப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியும் அவரை விக்டோரியா காலக் கவிஞர் என்று எவரும் சொல்வதில்லை. காலப் பெயர்கள் படிப்பவர் வசதிக்காக நட்ட எல்லைக் கற்களே. கல்லை நட்டவர் விட்டுவிட்ட நிலமும் நிலந்தான்.

கிறித்தவக் கல்லூரியின் இரு நண்பர்

நம் மாணவரிற் பலர் மின்தொடர் வண்டியில் தாம்பரம் வந்து இறங்குவோர். அங்கே மரங்கள் அடர்ந்த பெரு வளாகத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இருப்பதை அவர்கள் அறிவர். 1837இல் ஒரு பள்ளியாகத் தோன்றிய அந்நிறுவனம் நூறாண்டுகள் நகரத்தினுள் இயங்கியது. பாரிமுனைப் பகுதியில் வளர்ந்து, 1937இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. கடற்கரை – தாம்பரம் மின்தொடர் 1931இல் ஓடத் தொடங்கியிருந்தது. அவ்விருப்புப் பாதையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரு கல்லூரியே வந்து சேர்ந்தது எனலாம்.

அக்கல்லூரி பாரிமுனைப் பகுதியில் இருந்த நாளில் அங்கே இரு நண்பர்கள் பணியாற்றினர். ஒருவர் தமிழ் கற்பித்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார், பரிதிமாற் கலைஞர் என்று தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்டவர். 1870இல் பிறந்து 1903இல், முப்பத்து மூன்றே வயதில் மறைந்தவர். மற்றவர் ஆங்கிலம் பயிற்றிய மு. சி. பூரணலிங்கம் பிள்ளை. இருவரும் 1897இல் 'ஞானபோதினி' என்னும் இதழைத் தொடங்கி நடத்தினர். 1902இல் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை விலக்கும் முயற்சி எழுந்தபோது அதனை எதிர்த்து நின்றோரும் இவ்விருவரே. பாடத்திட்டத்தில் ஒன்று இடம்பெறுவதும் பெறாமற் போவதும் சிறு செய்தியன்று என்பதை இவர்கள் உணர்ந்திருந்தனர்.

இவ்விரு நண்பரும் ஆங்கில இலக்கியக் கல்வியிலிருந்து தமிழுக்கு ஆளுக்கொரு பொருளைக் கொணர்ந்தனர். சாஸ்திரியார் கொணர்ந்தது ஒரு வடிவம். பிள்ளையவர்கள் கொணர்ந்தது காலப் பகுப்பு.

பதினான்கு அடிகளின் பயணம்

சாஸ்திரியார் கொணர்ந்த வடிவம் 'சானட்'. பதினான்கு அடிகளால் ஆன அப்பாவினத்தைத் தழுவி அவர் இயற்றிய பாடல்களே 'தனிப்பாசுரத் தொகை' என்னும் நூலாயிற்று. சானட்டைப் பாசுரம் என்று அழைத்தமை கருதத்தக்கது. அயல் வடிவத்திற்கு அவர் நம் மரபிலிருந்து ஒரு பெயரைத் தேர்ந்து அணிவித்தார். ஜி. யு. போப் அப்பாடல்களைப் பாராட்டி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

சானட் ஆங்கிலேயரின் சொந்தச் சொத்தும் அன்று. அது 13ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் அரசவையில் பிறந்தது. அரபு அறிஞர்களும் பழகிய அவை அது. அரபுப் பாடல் மரபின் சாயல் சானட்டில் உண்டா என்பது அறிஞரிடையே இன்றும் ஆராயப்படும் வினா. 14ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க் அதனைப் புகழ்பெறச் செய்தார். 16ஆம் நூற்றாண்டில் தாமஸ் வயட், சர்ரே கோமகன் ஆகிய இருவர் அதனை ஆங்கிலத்திற்குக் கொண்டுவந்தனர். அவர்தம் சானட்டுகள் 1557இல் ஒரு தொகுதியில் அச்சேறின. ஷேக்ஸ்பியரின் 154 சானட்டுகள் 1609இல் நூலாயின.

இத்தாலியில் எட்டும் ஆறுமாகப் பகுக்கப்பட்ட அடிகள், இங்கிலாந்தில் மூன்று நான்கடிகளும் இறுதியில் ஈரடியுமாக மாறின. இம்மாற்றத்திற்குக் காரணம் உண்டு. இத்தாலிய மொழியில் ஒத்து ஒலிக்கும் அடியீறுகள் மிகுதி, ஆங்கிலத்தில் குறைவு. மொழியின் இயல்புக்கு ஏற்ப வடிவம் வளைந்து கொடுத்தது. ஆயினும் இரண்டிலும் ஒன்று மாறவில்லை. முதலில் ஒரு கருத்து எழும். பின் ஓரிடத்தில் அது திரும்பும். ஈற்றில் முடிபு கிட்டும். அந்தத் திருப்பமே சானட்டின் உயிர். அடியீற்று ஒலியொப்பு அதன் எலும்புக்கூடு.

தமிழுக்கு வந்தபோது நேர்ந்தது என்ன? தமிழ்ச் செவி பெரிதும் அடியின் முதலை நோக்கும் செவி. எதுகை அடியின் முதற்சீரில் இரண்டாம் எழுத்தில் நிற்பது. மோனை முதலெழுத்தில் நிற்பது. அடியீற்றில் அமையும் இயைபுத் தொடை நம்மிடம் உண்டெனினும் எதுகை மோனை போன்ற பெருவழக்கு அதற்கு இல்லை. மேலும் ஆசிரியப்பாவிற்குச் சிற்றெல்லை மூன்றடி, பேரெல்லை ஆயிரம் அடி என்பது தொல்காப்பிய மரபு. இப்பரப்பில் பதினான்கு என்னும் எண்ணுக்குத் தனிச் சிறப்பு ஏதும் இல்லை. ஆகவே கடல் கடந்து வந்த சானட்டில் அடிக் கணக்கு மட்டும் புலப்பட்டு நின்றது. அதனைத் தாங்கிய ஒலிக் கட்டுமானம் பின்தங்கிவிட்டது. முயற்சி பெரிது. எனினும் அது பெருவழக்குப் பெறவில்லை. அதற்குரிய காரணம் புலமைக் குறைவன்று. மொழிகளின் இயல்பு வேறுபாடு.

ஐந்து புதிய வகைகள்

சாஸ்திரியாருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே வேறொரு திசையிலிருந்து தமிழுக்குப் புதிய வகைகள் வந்துவிட்டன. மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்னும் ஐந்தும் முஸ்லிம் புலவர்கள் தமிழுக்கு அளித்தவை. தொண்ணூற்றாறு என்று வழங்கும் சிற்றிலக்கிய வரிசையில் இவற்றுக்கு இடமில்லை.

மசலா என்னும் அரபுச் சொல்லுக்கு வினா, தீர்வு வேண்டும் பொருள் என்பது கருத்து. வினாவும் விடையுமாக அமையும் நூல் மசலா எனப்பட்டது. கிஸ்ஸா என்பது கதை. நாமா பாரசீகச் சொல். எழுதப்பட்ட வரலாறு, நூல் என்னும் பொருளது. முனாஜாத்து என்பது இறைவனோடு அடியவன் அந்தரங்கமாக உரையாடி இறைஞ்சுவது. படைப்போர் என்பது போர் நிகழ்ச்சியைப் பாடுவது. பெயரே தூய தமிழ். நம் பரணியோடு ஒப்பிட்டுப் பயிலத்தக்கது. யூசுபு நபி கிஸ்ஸா, சைத்தூன் கிஸ்ஸா, நூறு நாமா, சக்கூன் படைப்போர் முதலியன இவ்வகைகளுக்குச் சான்றுகள்.

இவற்றுள் முதலில் வந்தது வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிரம் மசலா. 1572இல் மதுரையில் அரங்கேறியது. முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியது இதுவே. இதற்கும் முற்பட்ட பல்சந்தமாலையின் சில பாடல்களே எஞ்சியுள்ளன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அப்துல்லாஹ் இப்னு சலாம் என்னும் யூத அறிஞர் வினவ, அவர்கள் விடையளிப்பதாக அமைந்தது ஆயிரம் மசலா.

இந்நூற்பொருளின் பயணமும் சானட்டின் பயணம் போன்றதே. அரபியில் வழங்கிய இவ்வினா விடை நூல் 12ஆம் நூற்றாண்டிலேயே இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டது. கீழ்த்திசையில் மலாயிலும் ஜாவானிய மொழியிலும் வழங்கியது. அவ்வுலகப் பயணத்தில் தமிழும் ஒரு துறைமுகம். ஆனால் தமிழுக்கு வந்த முறை வேறு. சானட்டில் பெயர் தமிழாயிற்று. அடிக் கணக்கு அயலது. மசலாவிலோ பெயர் அயலது, யாப்பு தமிழ். புலவர் வினாவையும் விடையையும் தமிழ்ச் செவி பழகிய பாவில் பாடினார். கிஸ்ஸாவும் முனாஜாத்தும் அவ்வாறே இயன்றன. படிக்கத் தெரியாதாரும் கேட்டு மனத்தில் இருத்த முடிந்தது. ஆதலால் அவை ஏட்டில் நில்லாது வீடுகளில் புகுந்தன. மார்க்கம் கற்கும் வாயிலாகவும், மாலை நேரத்தில் கூடியிருந்து கேட்கும் இசையாகவும் அவை வாழ்ந்தன.

இங்கிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றுண்டு. வகை எளிதிற் பயணம் செய்யும். வடிவம் அவ்வளவு எளிதிற் பயணம் செய்யாது. பொருள் எம்மொழியினும் குடியேறும். ஒலிக் கட்டமைப்போ பிறந்த மண்ணை விட்டு வரத் தயங்கும்.

ஆறு காலங்கள்

இனி மற்றொரு நண்பர் கொணர்ந்த பொருளை நோக்குவோம். பூரணலிங்கம் பிள்ளை 1904இல் தமிழ் இலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் ஒரு கைந்நூலாக எழுதி வெளியிட்டார். 1929இல் அதனை விரித்து எழுதினார். சங்க காலம், பௌத்த சமணர் காலம், சமய மறுமலர்ச்சிக் காலம், இலக்கிய மறுமலர்ச்சிக் காலம், மடங்களின் காலம், ஐரோப்பியப் பண்பாட்டுக் காலம் என ஆறாகப் பகுத்தார். தமிழ் இலக்கிய வரலாற்றைக் கல்லூரி மாணவர் கையில் வைத்துப் படிக்கும் நூலாக்கிய முன்னோடி முயற்சிகளுள் அது ஒன்று. அந்த நன்றி நமக்கு என்றும் உண்டு.

எனினும் பெயர்களை நோக்குக. 'மடங்களின் காலம்' என்னும் தலைப்பைக் கண்ட மாணவர், அந்நூற்றாண்டுகளில் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பரங்கிப்பேட்டையிலும் மரைக்காயர்கள் புலவர்களைப் புரந்தனர் என்று எண்ணிப் பார்ப்பாரா? பின் வந்த நூல்களில் 'நாயக்கர் காலம்' என்று பெயர் மாறியது. அப்பெயரும் உமறுப் புலவரை நினைவூட்டுவதில்லை. எத்தலைப்பிலும் அடங்காதவர்க்கு நூலின் இறுதியில் ஒரு தனி இயல் ஒதுக்குவது பின்னர் வழக்கமாயிற்று. அன்போடு ஒதுக்கிய இடமே அது. ஆயினும் ஒதுக்கியது ஒதுக்கியதே. தேர்வு நெருங்கும் வேளையில் மாணவர் முதலில் விட்டுவிடுவதும் அவ்வியலையே.

ஆண்டுகளை அருகருகே வைத்தால்

ஆங்கில இலக்கிய ஆண்டுகளையும் நம் புலவர்களின் ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒருவர் மற்றவரைப் பின்பற்றினார் என்பது நம் கருத்தன்று. இவர்கள் தத்தம் மொழியின் நடுவில் நின்றவர் என்பதை ஆண்டுகள் காட்டும் என்பதே கருத்து.

ஆங்கிலத்தின் முதற் சானட்டுகள் 1557இல் அச்சேறின. பதினைந்து ஆண்டுகள் கழித்து, எலிசபெத் ஆண்ட காலத்தில் ஆயிரம் மசலா அரங்கேறியது. அப்போது ஷேக்ஸ்பியர் எட்டு வயதுச் சிறுவர். 1590இல் ஆலிப் புலவரின் மிகுராசு மாலை தோன்றியது. இவை இரண்டும் மதுரை நாயக்கர் ஆட்சிக் காலத்து நூல்கள்.

மில்டன் 1608 முதல் 1674 வரை வாழ்ந்தவர். உமறுப் புலவர் 1642 முதல் 1703 வரை வாழ்ந்தவர் என்பர். ஒரே நூற்றாண்டில் இரு மொழிகளில் இரு சமயக் காப்பியங்கள். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களால் இயன்ற சீறாப்புராணம், அரபு நாட்டு வரலாற்றைத் தமிழ்க் காப்பிய மரபுக்குரிய நாட்டுப் படலம், நகரப் படலங்களோடு பாடுகிறது. கம்பர் வளர்த்த விருத்தம் இங்கே புதியதொரு வாழ்வு பெற்றது. தமிழ் விருத்தத்தின் வரலாற்றை உமறுப் புலவர் இன்றி எழுதினால் அவ்வரலாறு குறையுடையதே.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆங்கிலத்தில் கவிஞர் தம் உள்ளத்தையே பாடுபொருளாக்கிய வேளையில், சென்னை இராயபுரத்தில் குணங்குடி மஸ்தான் சாகிபு கண்ணிகளில் தம் உள்ளக் கசிவைப் பாடினார். சித்தர் மரபும் சூஃபி மரபும் அங்கே ஒன்றாயின.

1885இல் இலங்கையைச் சேர்ந்த கண்டி நகர் சித்தி லெப்பை 'அசன்பே சரித்திரம்' எழுதினார். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்த 1879க்கு ஆறாண்டுகள் பிற்பட்டது. கமலாம்பாள் சரித்திரம் நூலான 1896க்குப் பதினோராண்டுகள் முற்பட்டது. ஆங்கிலத்திலிருந்து வந்த நாவல் என்னும் வகையைத் தமிழில் ஏற்றோருள் ஒரு முஸ்லிம் முதல் வரிசையில் நிற்கிறார். ஆயினும் 'தமிழ் நாவலின் தோற்றம்' என்னும் வினாவுக்கு விடையெழுதும் நம் மாணவருள் எத்தனை பேர் அவர் பெயரை எழுதுகின்றனர்? எழுதாமைக்குக் காரணம், நாம் அவரை நாவலின் கீழ்ச் சொல்லாது வேறோர் இயலில் சொன்னமையே.

செய்ய வேண்டுவன

தனி ஆய்வு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. டாக்டர் ம. மு. உவைஸ், டாக்டர் பீ. மு. அஜ்மல்கான் ஆகியோர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வாயிலாக இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளில் எழுதினர். 1973இல் திருச்சியில் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு இத்துறைக்குப் புது ஊக்கம் அளித்தது. அவ்வுழைப்பு இன்றேல் இக்கட்டுரையே இல்லை. தனியே தேடித் தொகுத்தவற்றைப் பொது வரலாற்றில் அதனதன் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அடுத்த பணி. அது ஆசிரியராகிய நம் பணி.

ஆகவே நம் வகுப்புக் குறிப்பை மாற்றி எழுதியுள்ளோம். ஆயிரம் மசலா நாயக்கர் காலத்தில் வருகிறது. சீறாப்புராணம் காப்பியங்களோடு வருகிறது. நபிநாயகம் பிள்ளைத்தமிழ் பிள்ளைத்தமிழ் வரிசையில் வருகிறது. அசன்பே சரித்திரம் நாவலின் தோற்றத்தில் வருகிறது. கடைசியில் இருந்த தனித் தலைப்பில் இப்போது ஐந்து புதிய வகைகளின் இலக்கணம் மட்டும் உள்ளது. ஏனெனில் அதுவே உண்மையில் தனியாக விளக்கப்பட வேண்டியது.

மாணவர்களுக்கு ஒரு சொல். நூலின் பெயரைக் கேட்டவுடன் மூன்று வினாக்களை எழுப்புங்கள். இது என்ன வகை? என்ன வடிவம்? எக்காலம்? பாடியவர் எச்சமயத்தவர் என்பது நான்காம் வினாவாக வரட்டும். முதல் மூன்றுக்கும் விடையாக அது நிற்க வேண்டாம்.

சமுதாயப் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல்லாவரம், தாம்பரம், வண்டலூர் என இப்புறநகர்ப் பகுதிகளில் குடியேறிய நம் குடும்பங்களுள் பல, நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம், ஆம்பூர் எனப் பல ஊர்களிலிருந்து வந்தவை. வரும்போது பாட்டியாரின் பெட்டியில் பழைய முனாஜாத்துப் புத்தகமோ, அரபுத் தமிழில் அச்சிட்ட மாலையோ உடன் வந்திருக்கலாம். தாள் உதிர்கிறதே என்று எறிந்துவிடாதீர்கள். தமிழ்த்துறைக்குக் காட்டுங்கள், படியெடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தருவோம். அதன் முதற்பக்கத்தில் உள்ள ஓர் ஆண்டு, இலக்கிய வரலாற்றின் ஒரு வரியைத் திருத்தக் கூடும்.

அம்மாணவர் இன்று பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். அவர் எழுதிய தவறான விடை நம் குறிப்பேட்டைத் திருத்தியது. வினாவும் விடையுமாக வளர்வதே கல்வி என்பதை ஆயிரம் மசலா பாடிய புலவர் 1572இலேயே அறிந்திருந்தார். நாம் அதனை ஒரு மதிப்பெண் வினாவில் கற்றுக்கொண்டோம்.